திருப்பிச் சொல்லும் வரை போய்ச் சேரவில்லை

மகனே,

நலமா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். இவ்வளவு பெரிய விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, லீவில் வந்து என் கையால் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது? போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் நீ நான்கு 'சரிம்மா' சொல்லிவிடுகிறாய். அப்புறம் சிக்னல் இல்லை என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஒளித்து வைத்துப் படிக்காதே. உன் கீழே இருக்கிற பத்துப் பையன்களையும் உட்கார வைத்து உரக்கப் படி. எல்லாம் நம் பக்கத்துப் பையன்கள் என்றுதானே சொன்னாய். அவர்களுக்கும் இது தெரிய வேண்டிய சங்கதிதான்.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்தேன். இரண்டாவதைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு பாலக்கோட்டில் பஸ் ஏறினேன். தர்மபுரியில் இறங்கி, சேலம் பஸ் பிடித்துத் தொப்பூரில் இறங்கினேன். யாரைப் பார்க்க என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பையன்களுக்காகச் சொல்கிறேன். மாதையன் என்று ஒருவர். உன் அப்பாவோடு ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே செக்‌ஷனில் இருந்தவர். செக்‌ஷன் என்றால் பத்துப் பேர். அதற்குத் தலைவர் உன் அப்பா, ஹவில்தார். மாதையன் அடுத்த ஆள். உன் அப்பா போன பிறகு தீபாவளிக்குத் துணியோடு வந்து நின்றவர், உன்னைப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் ஓட விட்டவர். சித்தப்பா என்றுதான் நீ கூப்பிடுவாய். ரிடையர் ஆகி வந்து கணவாயில் லாரிகள் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். மணமேடையில் உன் அப்பா இடத்தில் அவரும் அவர் சம்சாரமும் உட்காரட்டும் என்று நான் சொன்னபோது நீ ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சரிம்மா என்றாய். அந்த ஒரு நிமிடத்தை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

கடை வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "வாங்க அண்ணி, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வூட்டுக்கு வந்திருப்பேனே. இந்த வெயில்ல பஸ் மாறி வரணுமா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பெரிய ஆள், மீசை நரைத்த ஆள், லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது அழ ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி சொன்னதுக்கு அப்புறமும் என்னைத் தேடித் தட்டு தூக்கிட்டு வந்திருக்கீங்களே அண்ணி. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

"தம்பி என்ன சொன்னான்?"

அவர் அழுகை அப்படியே நின்றுவிட்டது. "சொல்லலீங்களா? ரெண்டு வருசம் ஆச்சுங்களே. அம்மாகிட்ட சொல்லிட்டேன் சித்தப்பா, அம்மா ஒண்ணும் சொல்லலைன்னு அவன்தான் போன்ல சொன்னான்."

நீ என்னிடம் என்ன சொல்லவில்லை என்பதை அவர் வாயால், அந்தக் கடை வாசலில், பிரேக் பிடித்துத் தீய்ந்த நாற்றத்தோடு லாரிகள் இறங்கிக்கொண்டிருக்க, நான் கேட்டேன். அதை எழுதுவதற்கு முன்னால் உன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அவர் போனபோது நீ ஒன்றாம் வகுப்பு. உனக்குத் தெரிந்த அப்பா சுவரில் மாட்டியிருக்கிறவர் மட்டும்தான். என்னோடு குடித்தனம் நடத்தியவர் வேறு ஆள்.

லீவில் வந்தால் அந்த மனிதர் வூட்டையே பட்டாளம் ஆக்கிவிடுவார். உன் அத்தை கல்யாணத்துக்கு முதல் நாள் வாசலில் மண்ணைக் குவித்து மண்டபம் மாதிரி செய்தார். செங்கல் துண்டு சமையல்கட்டு. புளியங்கொட்டை பந்தி பரிமாறுகிறவர்கள். சோளத்தட்டை மாப்பிள்ளை வரும் வழி. மாமன் மச்சான் அத்தனை பேரையும் ஒரே பக்கம் பார்த்து உட்காரச் சொல்லி, யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு எது வேலை, மழை வந்தால் என்ன செய்வது, பந்தி பார்க்கிறவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அந்த இடத்துக்கு யார் என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் "கோயி ஷக்?" என்றார். ஏதாவது சந்தேகமா என்று இந்தியில் கேட்பதாம். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஷக்கு மாமா என்று பெயர். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு ஒவ்வொருவனையும் எழுப்பி, "உன் வேலை என்ன, நீ சொல்லு" என்று கேட்டார். சிரித்தவன் எல்லாம் முழித்தான். மறுபடி முதலிலிருந்து சொன்னார். நம் வகையறாவில் சாம்பார் தீராமல் முடிந்த ஒரே கல்யாணம் அதுதான்.

எல்லையில் இப்படித்தான் செய்வோம் என்பார். "எனக்கு மேல இருக்கிறவருக்கு முப்பது பேரு. அவரு சொல்றதை நான் கிளிப்பிள்ளை மாதிரி என் பத்துப் பேருக்குச் சொல்லக் கூடாது. அவனவனுக்கு எது வேணுமோ அதா மாத்திச் சொல்லணும். ஆனா எதுக்குப் போறோம்ங்கிறதை மட்டும் மாத்தவே கூடாது. அதை ரெண்டு தடவை சொல்லணும். ஏன்னா நான் விழுந்துட்டா மாதையன் நடத்துவான். அவன் விழுந்தா அடுத்தவன். கடைசியில நிக்கிறவனுக்கும் எதுக்கு வந்தோம்னு தெரியணும்." நான் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்பேன். பாதி காதில் விழும். நான் விழுந்துட்டா மாதையன் என்பது மட்டும் நன்றாக விழுந்தது. அவர் போன பிறகு அது பலித்துவிட்டது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஒருமுறை தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டு மண்டிக்குப் போனேன். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மண்டி ஓரமாகவே நில், நான் வரும்வரை நகராதே என்று சொல்லியனுப்பினார். நான் காதில் வாங்காமலே சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. தெரிந்தவர் டிராக்டர் வந்தது, ஏறி வூட்டுக்கு வந்துவிட்டேன். அவர் பாலக்கோடு முழுக்க நனைந்துகொண்டு என்னைத் தேடியிருக்கிறார். வந்து என்னை அடிக்கப் போகிறார் என்று பயந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு சிரித்தார். "தப்பு உன் மேல இல்ல புள்ள. திருப்பிச் சொல்ல வைக்காம அனுப்பினேனே, அது என் தப்பு. நீ திருப்பிச் சொல்ற வரைக்கும் என் சொல்லு உனக்குப் போய்ச் சேரல. சொன்னவன்தான் அதுக்குப் பொறுப்பு" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றித்தான் பட்டாளத்திலிருந்து வந்த செய்தி வேறு மாதிரி சொன்னது. அவர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ரோந்து போனார். மாதையன் மிச்சப் பேரோடு பின்னால் ஒரு பாறையில் காவலுக்கு நின்றார். போகும்போது போட்ட திட்டம் ஓடை வழியாகத் திரும்புவது. அவர்கள் கிளம்பிய பிறகு மேலிடத்தில் திட்டம் மாறிவிட்டது. ஓடையில் நம் ஆட்களே கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள், மேட்டு வழியாகத் திரும்பு என்று புது உத்தரவு. அது அவருக்குச் சொல்லப்பட்டது, அவரும் திருப்பிச் சொன்னார், அப்படியும் குறுக்கே வருவதற்காக ஓடையில் இறங்கினார், கூட வந்தவர்களுக்கும் சொல்லவில்லை. இதுதான் விசாரணையில் முடிவானது. முன்னால் நடந்த அவர் கால் வைத்த இடத்தில் வெடித்தது. பின்னால் வந்த நான்கு பேரும் காயத்தோடு பிழைத்தார்கள். எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொன்னார்கள். தலைவனுக்குத் தெரியும், அவன் மறைத்துவிட்டான் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

கொடி போர்த்தி வந்த உடம்பின் பக்கத்தில் நின்றுகொண்டே உன் பெரியப்பா, "சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பான்" என்றார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. உன்னோடு பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட பையன் கூட, 'குறுக்கு வழி ஹவில்தார் மகன்' என்று உன்னைக் கூப்பிட்டான். நீ சட்டை கிழிந்து வந்தாய். ஊர் பேசியதையாவது விடு. நான் என்ன செய்தேன்? விளக்கு வைக்கும்போதெல்லாம் அந்தப் போட்டோவைப் பார்த்துத் திட்டினேன். "ஊருக்கெல்லாம் திருப்பிச் சொல்லு திருப்பிச் சொல்லுன்னு பாடம் நடத்தினீங்களே, உங்களுக்குச் சொன்னதை ஏன் கேக்கல? பத்து நிமிசம் சீக்கிரம் வந்து என்னத்தைக் கண்டீங்க? புள்ளையை நினைச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். காய்ச்சல் வந்தாலும் திட்டினேன், தக்காளி விலை போகாவிட்டாலும் திட்டினேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரு செத்த மனிதனோடு சண்டை போட்டிருக்கிறேன் மகனே. அவருக்குத் திருப்பிப் பேச வாய் இல்லை.

மாதையன் சொன்னது இதுதான். வயர்லெஸ் அவர் கையில் இருந்தது. புது உத்தரவு அவருக்குத்தான் வந்தது. நீயே போய் நேரில் சொல், அவர் வாயால் திருப்பிச் சொல்ல வை, அப்புறம் எனக்குச் சொல் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். மாதையன் பாறையிலிருந்து இறங்கிப் பாதி தூரம் போனார். மூடுபனி. முன்னால் போகிறவர்களில் கடைசி ஆளின் முதுகு மட்டும் தெரிந்தது. அங்கிருந்தே கத்தினார். அந்த ஆள் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினான். காற்று, தலையில் குல்லாய், காதை மூடிய துணி. அவன் தூக்கிய கைக்குக் கேட்டது என்று அர்த்தமா, போய்விட்டு வருகிறோம் என்று அர்த்தமா? மாதையன் கேட்டது என்று எடுத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது, மேலே ஏறிவிட்டார். வயர்லெஸ்ஸில் அதிகாரி, "சொன்னாயா? திருப்பிச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"சொன்னாருன்னு சொல்லிட்டேன் அண்ணி. ஒத்தை வார்த்தை. அடுத்த ஒரு மணி நேரத்துல அண்ணன் இல்ல. அதுக்கப்புறம் அந்த வார்த்தையை எப்படீங்க நான் திரும்ப எடுக்கிறது? விசாரணையில கேட்டாங்க. பக்கத்துல போய் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்னுட்டேன். அந்த செக்‌ஷனையும் எனக்கே குடுத்துட்டாங்க."

எனக்கென்று ஊற்றி வைத்த டீ ஆறிப்போயிருந்தது. நான் அவரைத் திட்டவில்லை. தட்டை ஸ்டூலில் வைத்தேன். கொண்டுபோன பழத்தைத் திருப்பி எடுக்க மனசில்லாமல் பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டேன். "அண்ணி, அண்ணி" என்று பஸ் வரை பின்னாலேயே வந்தார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொரு தீபாவளித் துணியும் நினைவுக்கு வந்தது. இப்படியும் ஒருவர் கூட இருந்தே குழி பறிப்பாரா? அவர் பயந்துபோய்ச் சொன்ன ஒரு வார்த்தையை நான் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். எங்கள் வாசலில் உட்கார்ந்து, உன் பெரியப்பா "சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்து காப்பி குடித்தாரே, அதை மன்னிக்க முடியாது.

இப்போது உன்னிடம் வருகிறேன்.

செக்‌ஷன் நடத்துகிற பயிற்சிக்குக் கிளம்புகிறபோது நீ அவர் காலில் விழுந்து கும்பிட்டாயாம். தாங்க முடியாமல் அவர் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். "நான் பண்ணின தப்பை நீ பண்ணிடாத தம்பி" என்றாராம். அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்று அவர் சொன்னபோது, நீ வேண்டாம் என்று தடுத்தாயாம். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாயாம். அதாவது அந்தச் செய்தியை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிற வேலையை நீ கேட்டு வாங்கிக்கொண்டாய். பிறகு போனில் அவர், "சொல்லிட்டியா?" என்று கேட்க, "சொல்லிட்டேன்" என்றாய்.

மகனே, நீ என்ன செய்தாய் என்று புரிகிறதா? மாதையனாவது மூடுபனியில் ஒரு கையைப் பார்த்தார். நீ எதைப் பார்த்தாய்? அந்த ரெண்டு வருடத்தில் மூன்று தடவை லீவில் வந்தாய். போன மாசி மாதம் நான் விளக்கேற்றிக்கொண்டே அப்பாவைத் திட்டினேன். நீ பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "விடும்மா, பழசு" என்றாய். பழசா? எனக்கு அன்றுவரை அது புதுசுகூட ஆகவில்லையே. தாய் அறியாத சூல் உண்டா என்று கேட்பார்கள். எனக்கு இருந்திருக்கிறது. மாதையன் எனக்கு யாரோ பெற்ற பிள்ளை. உன்னை நான் பெற்றேன். இரண்டு பேர் செய்ததும் ஒன்றுதான், ஆனால் எனக்கு வலிக்கிற இடம் வேறு.

உன் காரணம் எனக்குத் தெரியும். அம்மா தாங்க மாட்டாள், சித்தப்பா நமக்கு எவ்வளவோ செய்திருக்கிறார், கல்யாணம் முடியட்டும், ஊரில் அசிங்கம். இப்படித்தானே? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாய். என்னைக் காப்பாற்றச் சொல்லி யார் உன்னிடம் கேட்டார்கள்? உன் அப்பாவை நிந்தித்துக்கொண்டே நான் செத்துப் போயிருந்தால்? மேலே போய் அவர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்? ஒரு நல்ல மனிதரின் பெயர் உன் கையில் இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். நாளைக்கு அந்தப் பத்துப் பையன்களில் ஒருவன் உன்னிடம் 'சொல்லிட்டேன் சார்' என்றால் எந்த முகத்தோடு அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்வாய்? உன் பையன்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதே.

பஸ் இறங்கி வந்த அன்றைக்கு விளக்கேற்றினேன். போட்டோ முன்னால் நின்றேன். திட்டித் திட்டிப் பழகிய வாய். "உங்களுக்குச் சொல்லவே இல்லையாங்க" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

சரி. அழுது முடித்துவிட்டேன். இப்போது உன் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி உனக்கு ஒரு உத்தரவு சொல்கிறேன். நிலைமை இது: நம் ஊரும் உறவும் உன் அப்பா பேச்சைக் கேட்காமல் செத்தார் என்று நம்புகிறது. அதில் பொய் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர், மாதையன், நீ, நான். உன் வேலை இது: பந்தக்கால் நடுகிற அன்று உறவு முழுக்க வாசலில் கூடியிருக்கும்போது, உன் அப்பாவுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை என்று மாதையன் தன் வாயால் சொல்ல வேண்டும், நீ அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மறுபடி சொல்கிறேன். உன் அப்பாவுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை என்று மாதையன் தன் வாயால் சொல்ல வேண்டும், நீ அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். லீவில் வந்ததும் முதலில் தொப்பூரில் இறங்கு, அப்புறம் வூட்டுக்கு வா. போனில் சொல்லி அனுப்பாதே, ஆள் விடாதே, நேரில் போ. உன் பெரியப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதையன் வாய் எழவில்லை என்றால் நீ சொல். உனக்கும் எழவில்லை என்றால் நான் சொல்வேன். யாராவது ஒருவர் சொல்லி முடித்த பிறகுதான் பந்தக்காலுக்குக் குழி வெட்டுவார்கள். மணமேடையில் உன் அப்பா இடத்தில் யாரும் உட்கார வேண்டாம். போட்டோவைக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறேன். அவரே உட்காருவார்.

எதற்காக என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதற்கு என்று தெரியாதவன் பாதி வழியில் திரும்பிவிடுவான். மாதையனை அசிங்கப்படுத்த இல்லை. உன்னைத் தண்டிக்கவும் இல்லை. நீ மாலை போட்டு நிற்கும்போது, அப்பன் பேர் சொல்லி உன்னை வாழ்த்துகிற ஒருவனுக்கும் நாக்கு தடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் போன் செய். சரிம்மா என்று சொல்லாதே. புரிஞ்சுதும்மா என்று சொல்லாதே. அழாதே, மன்னிப்பும் கேட்காதே, அதெல்லாம் அப்புறம். நான் சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை, உன் வாயால், எனக்குத் திருப்பிச் சொல்.

அதுவரைக்கும் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரவில்லை என்றுதான் வைத்துக்கொள்வேன்.

அம்மா